நாற்பத்தொன்பது நாள்

மரம் வெட்ட அனுமதி கேட்டு
குல்டீகா நகராட்சிக்கு ஆண்டுக்கு
முந்நூற்றுச் சொச்சம் மனு வரும்.
பழைய இணையச் செயலிக்குள்
ஒர்க்ஃப்ளோ என்ஜின் ஒன்றைப் பொருத்தித்தர
பிப்ரவரியில் எங்களைக் கூப்பிட்டார்கள்.
வெண்டா ஆறு உறைந்து கிடந்தது. அகன்ற அருவி
பாதி பனிக்கட்டி, பாதி முனகல்.

வட்டத்தில் தொடங்கி வட்டத்தில் முடியும் படம்.
இடையே செவ்வகங்கள்; வழி பிரியும் இடத்தில் சாய்சதுரம்.
கட்டம் கட்டமாய் நகரும் ஒரு டோக்கன்,
தாயம் விழக் காத்திராத தாயக்காய்.

ரைவிஸ் நாலாண்டு லாகை அரித்தெடுத்தான்.
மனுப் பதிவு: ஒரு நாள்.
நில வரைபடம்: மூன்று.
வெல்காவின் மேசை:
சராசரி நாற்பத்தொன்பது நாள்.
"அடைப்பு இங்கேதான்" என்று
சுவரில் ஒட்டிய தாளில் சிவப்பாய்ச் சுழித்தான்.

அந்தச் செவ்வகத்தின் விளிம்பில்
நான் ஒரு டைமரைத் தொங்கவிட்டேன்.
பதினான்கு நாளில் பதில் வராவிட்டால்
தானாக ஒப்புதல்.
எட்டே வரி. சோதனைகள் அத்தனையும் பச்சை.

பிறகு பொருத்துகிற பாடு.
என்ஜினுக்கு ஒரு டேட்டாபேஸ், செயலிக்கு ஒரு டேட்டாபேஸ்.
ஒன்று "முடிந்தது" என்று எழுதிய கணத்தில்
மற்றது பிழை கண்டு தன்னை அழித்துக்கொண்டது.
மனுவே இல்லாத அனுமதி ஒன்று
ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம்
உயிரோடிருந்தது.
எழுதினால் இரண்டும், அழித்தால் இரண்டும் என்று
பழக்குவதற்குள் மார்ச் போய்விட்டது.

பயிற்சி நாளில் வெல்கா கேட்டது ஒரே கேள்வி:
"ஒன்றும் செய்யாமல் வைத்திருக்க
எந்த பட்டன்?"
இல்லை என்றேன். தேவைப்படாது என்றான் ரைவிஸ்.
"சரி" என்றாள்,
குளிர்கோட்டைக் கழுத்துவரை மூடியபடி.

ஏப்ரல் இருபத்தாறு, நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடம்.
டைமர் அடித்தது.
குன்வால்டிஸ் என்பவருக்கு
அவர் கார் நிறுத்துமிடத்து ஐந்து லிண்டன் மரங்களையும்
வெட்ட அனுமதி.
எச்சம், இரைச்சல், காரின் நிறமே மாறிவிட்டது என்று மனு.
காலையில் வெல்கா அனுப்பிய படத்தில்
இலை வராத கிளைகளில் பதினேழு காக்கைக் கூடுகள்.
கீழே இரண்டு வாக்கியம்:
"சர்வர் தப்பு செய்துவிட்டது என்று போனில் சொன்னேன்.
உடனே நம்பிவிட்டார்."

அன்றிரவு லாகை மாதவாரியாகப் பிரித்தேன்.
அக்டோபர் மனுக்கள்: இரண்டு நாள்.
மார்ச் மனுக்கள்: நூறைத் தொடும்.
நாற்பத்தொன்பது நாள் காத்த மனு
நாலாண்டில் ஒன்றுகூட இல்லை.
அவள் மேசைக்கு ஒரு இழுப்பறை இருந்தது.
கணக்கெடுக்கப் போன நாங்கள்
அதைத் திறக்கச் சொல்லவில்லை.

டைமரைக் கழற்றினேன்.
அங்கே ஒரு சாய்சதுரம்: கூடு உண்டா?
உண்டெனில் டோக்கன் நிற்கும்,
வெல்கா செய்தி தரும்வரை.
ஒரு தேதி போட்டுவிடலாமே என்றேன்.
"தேதி பார்த்தா பறக்கும்?" என்றாள்.
ரைவிஸ் பழைய தாளைக் கிழித்தான்.
சிவப்புச் சுழி மட்டும்
சுவரின் சுண்ணாம்புவரை ஊறியிருந்தது.

நிற்பது என்றால்
என்ஜின் கண்விழித்து நிற்பதில்லை.
ஒரு வரியாய் எழுதிவைத்துவிட்டு அகன்றுவிடும்.
சர்வரை அணைத்து மறுபடி எழுப்பினாலும்
அந்த வரி அங்கேயே இருக்கும்,
யாரும் காத்திராத ஒரு காத்திருப்பு.
மே மாதம் முழுக்க
குன்வால்டிஸ் நாள்தோறும் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.
நாள்தோறும் கார் கழுவியிருப்பார்.

ஜூன் பதினொன்று, காலை 7.12.
லாகில் ஒரு வரி:
குஞ்சுகள் பறந்தன. பயனர்: வெல்கா.
டோக்கன் நகர்ந்தது, அனுமதி அச்சானது,
கடைசி வட்டம் நிரம்பியது.
எல்லாம் முந்நூறு மில்லிசெகண்டுக்குள்.
மரம் எத்தனை மணிக்கு விழுந்தது என்பது
எங்கள் படத்தில் இல்லை.